சாவிமேல் குருவி

ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய சாமான் விற்கும் சந்தை ஒன்று கூடும். அங்கே வாங்குவதற்கு எனக்கு ஒன்றும் கிடையாது. என் அறையில் இருப்பதைக் கொண்டுபோய்ப் பரப்பினாலே நாலு பேர் நின்று பார்ப்பார்கள், என்னையும் சேர்த்து. ஆனாலும் அதே ஊரில் சிலிபின் பகுதியில், நான் இருக்கும் என் மகள் வீட்டு வாசலில் மச்சான் வந்து ஹாரன் அடித்துவிட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். மச்சான் என்றால் இறந்துபோன என் மனைவியின் தம்பி. எழுபத்திரண்டு வயதாகிறது. கார் ஓட்டும்போது வாய் ஓயாது. கார் நின்ற பிறகும் ஓயாது.

போன மாதம் அப்படிப் போனபோது ஒரு கடையில் தகரத் தட்டு நிறையச் சவரக்கத்திகள் கிடந்தன. பிளேடு மாட்டுகிற ரகம் இல்லை. முழு இரும்பு அலகு, மடக்கினால் பிடிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தோல்வாரில் தீட்டித் தீட்டியே ஒரு மனிதனின் ஆயுசுக்கு ஓடும். எல்லாம் துருப்பிடித்தவை. ஒன்றை எடுத்துப் பிரித்தேன். அலகு முடிந்து பிடியோடு சேருகிற இடத்தில், கழுத்து இரும்பில், ஒரு சின்னப் படம் குத்தியிருந்தது. படுத்துக்கிடக்கும் ஒரு சாவி. அதன்மேல் ஒரு குருவி.

அடுத்ததை எடுத்தேன். அதிலும் குருவி. மூன்றாவதில் வேறு ஏதோ எழுத்து. நான்காவதில் மறுபடி குருவி.

"என்ன மச்சான், சவரக்கடை போடப் போறீங்களா?" என்றார் என் மச்சான். "உங்ககிட்ட சவரம் பண்ணிக்கணும்னா கழுத்துக்கு இன்சூரன்ஸ் எடுக்கணும்லா."

கடைக்காரர் சீனர். தோட்டத்துக் கடைவரிசையில் பிறந்து வளர்ந்தவராம், எங்களைவிடத் தெளிவாகத் தமிழ் பேசினார். இது யாருடைய அடையாளம் என்று அவரிடம் கேட்டேன். அவர் கத்தியை வாங்கி, எண்ணெய்த் துணியால் துடைத்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"யாரோடதும் இல்ல அண்ணே. செஞ்சவன் அடிக்கிற மார்க்கு இது. ஜெர்மன்ல உள்ள கம்பெனி. கீழ பாருங்க, கம்பெனி பேரு இருக்கு, ஊர் பேரு இருக்கு. ஆயிரம் கத்தி செஞ்சா ஆயிரத்துலயும் இந்தக் குருவிய அடிச்சுத்தான் வெளிய அனுப்புவான்."

"ஆயிரத்துலயுமா?"

"ஆயிரத்துலயும்லா. இதுல என்னண்ணே அதிசயம்?"

அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது என்று நினைத்து மச்சான் ஓடிப்போய், பால் விடாத இனிப்பு டீ, தே ஓ ஒன்று வாங்கிவந்தார். குடித்தேன். அதிசயம் ஒன்றும் இல்லைதான். இந்த ஒரு விஷயம் எழுபது வருஷத்துக்கு முன்னால் எங்கள் தோட்டத்தில் யாருக்காவது தெரிந்திருந்தால் போதும். தெரிந்த ஒருவர் இருந்தார். அதுதான் விஷயம்.

எங்கள் தோட்டம் கோலா கங்சாருக்குப் போகிற பழைய ரோட்டில் இருந்தது. ரப்பர்த் தோட்டம். இப்போது அங்கே செம்பனையும் இல்லை, ரப்பரும் இல்லை, வரிசையாக மாடிவீடுகள் நிற்கின்றன. அந்தத் தோட்டத்தில் அடையாளம் இல்லாத சாமான் கிடையாது. அப்பாவின் பால்வாளியில் வெள்ளைச் சாயத்தில் அவருடைய எண் இருக்கும். மரம் சீவுகிற உளியில் அதே எண்ணை ஆலைக் கொல்லர் இரும்பிலேயே குத்திக் கொடுப்பார். மண்வெட்டியிலும் கோடாலியிலும் தோட்டத்தின் இரண்டு இங்கிலீஷ் எழுத்து. மாட்டின் தொடையில் சூடு. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தெரியாமல் அப்பாவின் உளியை மாற்றி எடுத்துப் போய்விட்டார் என்று மூன்று நாள் சண்டை நடந்தது. கடைசியில் உளியைத் திருப்பி எண்ணைக் காட்டியதும் அவர் அதை வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குமேல் எங்கள் ஊரில் சாட்சி கிடையாது.

தீப்பெட்டியில் கோழிப்படம் இருக்கும், பிஸ்கட் டின்னில் ராணிப்படம் இருக்கும். அதெல்லாம் கடைக்காரன் படம் என்று எங்களுக்கும் தெரியும், அவ்வளவு மடையர்கள் இல்லை. ஆனால் அது காகிதம், சாயம். இரும்பில் குத்தியிருந்தால் அது சொந்தக்காரன் குறி. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. சந்தேகப்பட்டவரும் இல்லை.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, எங்களோடுதான் லயத்து வரிசைவீட்டில் இருந்தார். இருபது, இருபத்தொரு வயது. முன்பக்கத்துத் திண்ணையில், அஞ்சடி என்போம், பாய் போட்டுப் படுப்பார். மரம் சீவுகிறதில் கெட்டிக்காரர்தான், ஆனால் அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. ஈப்போவில் ஒரு சின்ன இடம் பிடித்து, ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி போட்டு, முடிதிருத்துகிற கடை வைக்கவேண்டும். அது ஒன்றுதான் அவருடைய ஆசை. அதற்காகக் கோலா கங்சாரில் ஒரு சீன முடிதிருத்துகிறவரிடமிருந்து பழைய சவரக்கத்தி ஒன்றை வாங்கி வந்தார். கறுப்புப் பிடி. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் லயத்து ஆண்கள் வேப்பமரத்தடியில் வரிசையாக உட்காருவார்கள். சித்தப்பா எல்லோருக்கும் வழித்துவிடுவார். கை பழகட்டும் என்று.

அப்பாவுக்கு அது அவமானம். எங்கள் சாதியில் யாரும் கத்தி பிடித்ததில்லை. தோட்டத்துக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகியும், கட்டிக்கொள்ள மாற்று வேட்டி இல்லாதபோதும், அந்த ஒன்றை மட்டும் அவர் பத்திரமாக வைத்திருந்தார்.

"நம்ம ஆளுங்க செய்ற வேலையாடா இது? தூக்கி ஆத்துல போடு அந்தக் கத்திய."

"மரத்தச் சீவுனா மரியாதை, மனுசனச் சீவுனா கேவலமாண்ணே?" என்பார் சித்தப்பா. வரிசையில் பாதி சோப்பு நுரையோடு உட்கார்ந்திருக்கிறவர் சிரித்து, கன்னத்தில் கீறல் வாங்கிக்கொள்வார்.

வேலை முடிந்ததும் கத்திக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் துணியில் சுற்றுவது என் வேலை. குருவியை அப்படித்தான் பார்த்தேன். எட்டு வயதில் எனக்கு எழுத்து எதுவும் பிடிபடவில்லை, படங்கள் எல்லாம் பிடிபட்டன.

அம்மா மரம் சீவிவிட்டு வந்து, மத்தியானத்தில் துரையின் பங்களாவுக்குத் துணி துவைக்கப் போவார். துரை என்றால் தோட்டத்து மேனேஜர், வெள்ளைக்காரர். பள்ளி விடுமுறையில் ஒரு நாள் நானும் கூடப் போனேன். துவைத்து மடித்த துண்டுகளைக் குளியலறையில் அடுக்க அம்மா உள்ளே போனபோது நான் வாசல்படியில் நின்றேன். மேசைமேல் துரையின் சவரக்கத்தி திறந்தபடி கிடந்தது. வெள்ளைப் பிடி. கழுத்தில் என் குருவி. அம்மா கவனிக்கவில்லை, துண்டில்தான் அவர் கண். எனக்கு ஒரே சந்தோஷம். துரையின் குருவி எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது என்று நடந்துவரும் வழியெல்லாம் பெருமை. அம்மாவிடம் சொல்லவில்லை. பெருமையை எல்லாம் உடனே செலவழித்துவிடக் கூடாது.

கொஞ்ச நாள் கழித்து துரை கேமரன் மலைக்கு இரண்டு வாரம் ஓய்வுக்குப் போனார். போகிற அன்று காலையில் அவருடைய சவரக்கத்தியைக் காணவில்லை. பங்களாவே அதிரக் கத்தினாராம். ஒரு காகிதத்தில் சாவியும் குருவியும் வரைந்து பெரிய கிராணியிடம் கொடுத்து, நான் திரும்பி வருவதற்குள் கத்தி மேசையில் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். பெரிய கிராணி என்றால் தோட்டத்து ஆபீசின் தலைமை எழுத்தர். துரைக்கு அடுத்தபடி அவர்தான். இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த ஒரே தமிழர். வெள்ளைக் கால்சட்டை, கையில் எப்போதும் ஒரு கைக்குட்டை.

அவர் லயம் லயமாகத் தேடவில்லை. நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அதுதான் புத்தி. ஒரே அறை, ஒரே வாத்தியார். வாத்தியார் அந்தக் காகிதத்தைப் பார்த்துக் கரும்பலகையில் பெரிதாக வரைந்தார்.

"இத எங்கயாச்சும் பாத்தவங்க கை தூக்கு."

நான் வகுப்பில் கை தூக்கியதே இல்லை. கேட்ட கேள்விக்கு முழித்துவிட்டுப் பெஞ்சுமேல் ஏறி நிற்பதுதான் என் படிப்பு. அன்று இரண்டு கையையும் தூக்கினேன்.

"எங்க வீட்டுல சார்! எங்க சித்தப்பாகிட்ட இருக்கு!"

"அட, இவனுக்குக்கூட ஒண்ணு தெரிஞ்சிருக்கு பாரேன்," என்றார் வாத்தியார். "எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினார்கள். பெரிய கிராணி என் தலையைத் தொட்டார். துரையின் கத்திக்குப் பிடி வெள்ளை, எங்கள் வீட்டுக் கத்திக்குப் பிடி கறுப்பு என்பதும் எனக்குத் தெரியும். அதை யாரும் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவேண்டும் என்று வாத்தியார் பிரம்பால் சொல்லித்தந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் நான் சரியாகச் சொன்ன பதில் அந்த ஒன்றுதான். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அன்று மத்தியானமே ஆபீஸ் முன்னால் சித்தப்பாவை நிறுத்தினார்கள். ரப்பர் பாலை எடைபோட்டுவிட்டு வந்தவர்கள் எல்லாம் வாளியோடு சுற்றி நின்றார்கள். அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். நான் அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைப் பற்றித்தான் எல்லோரும் பேசப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

"கோலா கங்சார்ல வாங்குனதுங்கய்யா," என்றார் சித்தப்பா. "கடைக்காரர் இன்னும் அங்கதான் இருக்காரு. ஆள் விட்டுக் கேளுங்க."

"துரையோட குருவி கோலா கங்சாருக்குப் பறந்து போச்சா?" என்றார் பெரிய கிராணி.

கூட்டம் சிரித்தது. குறி துரையுடையது, கத்தி இவனிடம். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தக் கத்திக்குக் கன்னத்தைக் கொடுத்தவர்களும் சிரித்தார்கள்.

சித்தப்பா விடவில்லை. "குருவிக்குக் கீழ எழுத்து இருக்குய்யா. எங்களுக்குத் தெரியாது, நீங்க படிச்சவரு. யாரு பேரு போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க. துரை பேருன்னா நான் ஜெயிலுக்கே போறேன்."

பெரிய கிராணி கைக்குட்டையை எடுத்து, நான் தடவியிருந்த எண்ணெயைத் துடைத்தார். கத்தியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். உதடு மெல்ல அசைந்தது. நல்ல நேரம் எடுத்துத்தான் வாசித்தார். போன மாதம் அந்தச் சீனர் வாசித்தாரே, கம்பெனி பேர், ஊர் பேர், அதே எழுத்துகளைத்தான் வாசித்தார். அப்புறம் கத்தியை மடக்கினார்.

"வெள்ளைக்காரன் பேரு போட்டிருக்கு. உன் பேரு இல்லடா."

மறுபடியும் சிரிப்பு. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. துரை வருவதற்குள் கத்தி கிடைத்தாகவேண்டும், கிடைத்துவிட்டது. அவருக்கு அவ்வளவுதான். சித்தப்பாமேல் அவருக்குக் கோபம்கூடக் கிடையாது. கோபம் இருந்திருந்தால் எனக்கு இப்போது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். "நீ அண்ணன்காரன். நீ என்ன சொல்ற?"

அப்பா துண்டை முறுக்கினார். "நான் அப்பவே சொன்னேங்கய்யா. இந்தக் கத்தி வேணாம், தூக்கிப் போடுன்னு. கேக்கல."

சாதியை நினைத்துத்தான் சொன்னார். வருஷக்கணக்காக வீட்டில் சொன்னதைத்தான் அங்கேயும் சொன்னார். கூட்டத்துக்கு அது வேறு மாதிரி விழுந்தது. கூடப்பிறந்தவனே ஒப்புக்கொண்டுவிட்டான் என்று ஆகிவிட்டது. சித்தப்பா திரும்பி அவரைப் பார்த்தார். அதற்குப் பிறகு கோலா கங்சார் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலையில் தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். அப்போது கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து தோட்டத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்த காலம், உள்ளே வருகிறவனையும் வெளியே போகிறவனையும் கேட்டில் சோதிப்பார்கள். சித்தப்பாவின் துணிமூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டினார்கள். தோல்வாரும் சோப்புக் கிண்ணமும் உருண்டன. அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு, கம்பி ஓரம் நின்ற என்னிடம் வந்தார்.

"வாத்தியாரு உனக்குக் கை தட்டச் சொன்னாராமே?"

"ஆமா சித்தப்பா. எல்லாரும் தட்டுனாங்க."

"நல்லாப் படி," என்றார்.

படிக்கவில்லை. வீட்டில் ஒரு சம்பளம் குறைந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை நான் சிலேட்டை எடுத்தபோது அப்பா அதைப் பிடுங்கிச் சுவரோரம் வைத்தார். "நீ பதில் சொன்னது போதும்," என்றார். மரத்தில் பால் வடிகிற கிண்ணமான மங்கில் ஒட்டியிருக்கும் காய்ந்த ரப்பர் பாலைச் சுரண்டி எடுக்கிற வேலைக்கு அவரோடு போனேன். அந்த நாற்றம் கையில் ஏறிவிட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. என் மனைவிகூடக் கல்யாணமான புதிதில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், பாவம். அது வேறு கதை.

சித்தப்பாவை அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். எனக்குப் பத்தொன்பது வயது, லாரியில் உதவியாளாகத் தெலுக் இந்தான் பாசாருக்கு, அந்த ஊர்ச் சந்தைக்கு, தேங்காய் ஏற்றப் போயிருந்தேன். மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவர் வந்து என் முகத்தைக் குனிந்து பார்த்தார். நெஞ்சுவரை தாடி. குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கடையில் உட்காரவைத்து, ரொட்டியும் டீயும் வாங்கிக் கொடுத்தார். தான் ஒன்றும் சாப்பிடவில்லை. அண்ணன் எப்படி இருக்கிறார், அண்ணிக்கு முட்டிவலி இருந்ததே, அதெல்லாம்தான் கேட்டார். பழசு எதையும் எடுக்கவில்லை.

லாரி ஹாரன் கேட்டு எழுந்தேன். எழும்போது என் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தது. அன்றைக்குச் சம்பளம் வாங்கியிருந்தேன். கூட உட்கார்ந்திருந்தது ஒரு திருடன். எனக்கு அப்படித்தான் தெரியும்.

அவர் பார்த்துவிட்டார்.

"இருக்கு, இருக்கு," என்று சிரித்தார். "எடுக்கல. போ, லாரிக்காரன் கத்துறான்."

இரண்டு வருஷத்தில் இறந்துபோனார் என்று சேதி வந்தது. வந்து சேரும்போதே புதைத்து நாளாகியிருந்தது.

தெலுக் இந்தானுக்கெல்லாம் வெகுமுன்னால், தோட்டத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன். மறந்துவிடவில்லை.

சித்தப்பா போய் இரண்டு வாரம் ஆகியிருக்கும். துரை மலையிலிருந்து திரும்பிவிட்டார். மத்தியானம் பங்களாவுக்குத் துவைக்கப் போன அம்மா, கையில் ஈரம் காயாமல் ஓட்டமாக வந்தார். அப்பா அடுப்படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து, கொண்டுவந்த காய்ந்த பாலில் ஒட்டியிருந்த பட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"மேசையில ரெண்டு கத்தி இருக்குங்க," என்றார் அம்மா. "வெள்ளைப் பிடி ஒண்ணு. அது துரையோட பெட்டிக்குள்ளயே மலைக்குப் போயிட்டு வந்திருக்கு, சமையல்காரர் சொன்னாரு. பக்கத்துல கறுப்புப் பிடி. தம்பியோடது."

அப்பா சோற்றில் கையை வைத்தபடி இருந்தார். "கிராணிக்குத் தெரியுமா?"

"அவருதான் நின்னுக்கிட்டு இருந்தாரு. 'தொவைக்க வந்தியா, மேசையப் பாக்க வந்தியா'ன்னு கேட்டாரு. அவரு கண்ணப் பாத்தாலே தெரிஞ்சிச்சு, எல்லாம் தெரிஞ்சுதான் நிக்கிறாருன்னு. போயி துரைகிட்டச் சொல்லுங்க. தம்பி எங்க இருக்குன்னு விசாரிச்சுக் கூட்டிட்டு வாங்க."

"சொல்லிட்டு? கிராணிய எதுத்துட்டு எங்க போயி குந்துவ, இந்தப் பயலையும் வச்சிக்கிட்டு?"

அம்மா அழத் தொடங்கினார். எனக்கு ஒன்றுதான் புரிந்தது. வெள்ளைப் பிடியிலும் குருவி, கறுப்புப் பிடியிலும் குருவி. இரண்டிலும் குறி துரையுடையது.

"சித்தப்பா ரெண்டு கத்தியாப்பா எடுத்தாரு?" என்று கேட்டேன்.

அம்மா என்னை நோக்கித் திரும்பிக் கையை ஓங்கினார். அப்பா எச்சில் கையோடு எட்டி அந்த மணிக்கட்டைப் பிடித்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, வாசல் பக்கம் பார்த்தார்.

"ஆமா," என்றார். "ரெண்டு."

அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்பாவின் பிடி இறுகியதைப் பார்த்தேன், விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிற்று. அம்மா வாயை மூடிக்கொண்ட பிறகும் வெகுநேரம் அவர் கையை விடவில்லை. எனக்கு அடி விழக்கூடாது என்றுதான் அப்பா அவ்வளவு அழுத்தமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, நான் நிம்மதியாகப் பட்டையைப் பிரிக்கத் தொடங்கினேன்.